நனையக் கூடாத கயிறு

தியோடருக்கு ஒன்றும் புரியவில்லை. அல்சூரில் தன் வீட்டு மொட்டை மாடியில், ஆளை விட நீளமான தூண்டில் கோலைப் பிடித்தபடி, காலை வெயிலில் முழி பிதுங்க நின்றார். கயிறு அவர் முன்னால் தரையில் இடியாப்பம் மாதிரிக் குவிந்து கிடந்தது.

மகன் அமல் நியூசிலாந்திலிருந்து அனுப்பிய கோல் அது. அங்கே அவன் லீவு நாளெல்லாம் ஆற்றில்தான் நிற்கிறான். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் கொக்கியில் ஒரு பூச்சியளவு இறகுதான் கட்டியிருக்கும், கனமெல்லாம் கயிற்றில். அதிலும் 'ரோல் காஸ்ட்' என்று ஒரு வீச்சு. பின்னால் மரங்கள் அடர்ந்திருந்தால் கயிற்றைப் பின்னுக்குச் சுழற்ற முடியாதல்லவா? அப்போது கோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, கயிறு தோளருகே தொங்கும்வரை பொறுத்து, முன்னால் ஒரே வெட்டு. சுருட்டின பாய் விரிவது போலக் கயிறு உருண்டு நீளும். அமல் அனுப்பிய வீடியோவில் நீண்டது.

"நவம்பர்ல வர்றீங்கல்ல டாடி, அதுக்குள்ள இத மட்டும் கத்துக்கோங்க. நாம ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஆத்துல நிக்கலாம்" என்று சொல்லியிருந்தான்.

ஒரு நாள் முழுக்க! அப்பனும் பிள்ளையும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதே கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்ததும் அமல் கூப்பிடுவான். "சாப்டியா?" "சாப்டேன் டாடி." "குளிரா?" "இல்ல." "மம்மிகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். சண்டை ஒன்றுமில்லை. சண்டை இருந்தாலாவது சமாதானம் பேசலாம். இங்கே பேசுவதற்கே எதுவுமில்லை. இப்போதுதான் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. வீச்சு வரவில்லை என்று சொன்னால், "பரவால்ல, விடுங்க டாடி" என்று அவன் விட்டுவிடுவான். அதை நினைத்துத்தான் தியோடர் தினமும் கோலைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

முயற்சியில் குறையே இல்லை. ரிட்டயராகும்வரை ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர். ஈரம் பட்டால் துருதான் என்பது அவருடைய வேதம். ஃபாரின் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். அமல் வாங்கிப்போட்ட சோபாவுக்கே இன்னும் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ஆகவே தினமும் மாடியைப் பெருக்குவார். பனி காயும்வரை காத்திருப்பார். கயிற்றை மனைவி மௌரீனின் பழைய காட்டன் புடவையால் துடைத்து, லேசாக முகப்பவுடர் பூசி, கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி வீசுவார். அல்சூர் ஏரிக்கரையில் பழகலாமென்றால் வேலியும் விசில் ஊதும் காவலாளும். அதோடு, அந்தப் பச்சைத் தண்ணீரிலா இந்தக் கயிற்றைப் போடுவது?

மணிக்கட்டில் கோளாறு என்று நினைத்தார். கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வீசினார். காற்று சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"ஏன் சார், ஏதாவது சிக்கிச்சா?" என்று பக்கத்து மாடியிலிருந்து முனிகிருஷ்ணன் கேட்டார்.

"காக்கா ஓட்டறேன்" என்றார் தியோடர்.

வியாழக்கிழமை மௌரீன் மோட்டரைப் போட்டுவிட்டு, "மேலதானே நிக்கறீங்க, டேங்க் ரொம்பினா குரல் குடுங்க" என்றார். இவர் கயிற்றோடு மல்லுக்கட்டியதில் மறந்தே போனார். டேங்க் வழிந்தது. தண்ணீர் வடியும் மாடி ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்திருந்ததால் தண்ணீர் குளமாக நின்றது. வீசுவதற்காகக் கோலைப் பின்னுக்கு இழுத்த சமயம் கீழேயிருந்து மௌரீனின் சத்தம்.

"தியோ! தண்ணி ஊத்துது! இந்த வெயில்ல ஊரே தண்ணிக்கு அல்லாடுது, ஒரு வார்த்தை சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் பதறிப்போய்க் கோலை வெட்டினார். கயிறு உருண்டது! உருண்டு, நீண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, முனிகிருஷ்ணன் காயப்போட்ட லுங்கியில் கம்பளி நூல் போய் உட்கார்ந்தது. தியோடர் வாயைப் பிளந்தார்.

சந்தோஷத்தை விடக் குழப்பம்தான் அதிகம். கையும் அதே கை, கோலும் அதே கோல். எதனால் வந்தது? நனைந்துபோன கயிற்றை அலறியடித்துத் துடைத்துக்கொண்டே யோசித்தார். திட்டு! திட்டின அதிர்ச்சியில்தான் கை சரியாக வெட்டியிருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

மறுநாள் மாடியைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டு மௌரீனை மேலே அழைத்தார்.

"கொஞ்சம் என்னைத் திட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்காவது. நேத்து மாதிரி."

மௌரீனுக்குக் காரணமா கிடைக்காது? கல்யாணத்தன்று கோவிலுக்கு லேட்டாக வந்ததில் தொடங்கி வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தார். கயிறு இடியாப்பமாகவே விழுந்தது. "இன்னும் சத்தமா" என்றார் தியோடர். மௌரீனுக்குத் திட்டு நின்று பயம் வந்துவிட்டது. "சும்மா வெயில்ல நின்னு நின்னு தலைக்கு ஏறிடுச்சு. டாக்டர்கிட்ட போலாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அமல் கூப்பிட்டதும் மௌரீன் முந்திக்கொண்டார். "உங்க டாடி மாடியில நின்னு, என்னைத் திட்டு திட்டுன்றாருடா!"

போன் கைமாறியது. தியோடர் அதைக் காதில் அழுத்திக்கொண்டார். "வரலடா. ஒரே ஒரு தடவை வந்துச்சு. அப்புறம் வரல. ஏன்னு தெரியல."

"தரை ஈரமா இருந்துச்சா டாடி?"

"ஈரமா? பவுடர் போட்டு வெச்சிருக்கேன்டா கயித்துக்கு!"

அமல் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "டாடி, தண்ணிதான் கயித்தப் பிடிச்சுக்கணும். அது பிடிச்சாதான் கோல் வளையும், வளைஞ்சாதான் கயிறு உருளும். காஞ்ச தரையில சும்மா வழுக்கிட்டு வந்துடும்." அதோடு விடவில்லை. தானும் முதலில் புல்தரையில் நின்று வீசியதை, வெட்கப்பட்டு யாரையும் கேட்காமல் இருந்ததை, பாசிக்கல்லில் வழுக்கி ஆற்றில் உட்கார்ந்ததை, எல்லாம் சொன்னான். தியோடர் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். போனை வைத்தபோது அது சுட்டது.

வரவில்லை என்று சொன்னதற்கா இவன் இவ்வளவு பேசினான்? அது மட்டும் அவருக்கு அன்றைக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை மாடி ஓட்டையில் துணி அடைத்து, குடிநீர் மெஷின் கழித்த தண்ணீரையும் துணி அலசின தண்ணீரையும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார். ஒரு பெருமூச்சு விட்டு, ஃபாரின் கயிற்றை அதில் நனைத்தார். இழுத்தார். பொறுத்தார். வெட்டினார். உருண்டது. அந்த வாரம் முழுக்க, வீசினபோதெல்லாம் உருண்டது. முனிகிருஷ்ணன் லுங்கியைக் கீழே காயப்போட ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. "டாடி, வந்துச்சா?"

மௌரீன் பெருமையோடு கணவரைப் பார்த்தார். தியோடர் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எங்கடா வருது? ஒண்ணும் புரியல. முதல்ல இருந்து சொல்லு."

மௌரீன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அடுப்பைச் சிம்மில் வைக்கப் போனார்.