மாமா இரண்டாம் தடவை தண்ணீர் வார்த்த சனிக்கிழமை

மாமா என்ன விளையாடுகிறார் என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை. ஹனோவரில் பிறந்தநாள், கலியாணம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும், "தம்பி பந்து விளையாடுறாராம்" என்று யாராவது ஒரு பெரியவர் தொடங்கிவிடுவார். எந்தக் கழகம், தொலைக்காட்சியில் எப்போது வருவார் என்று விசாரணை நடக்கும். இது காலால் அடிக்கிற பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல், கையால் எறிந்து கையால் பிடிப்பது என்று மாமாவும் சளைக்காமல் விளக்கத் தொடங்குவார். பாதியில் மட்டன் ரோல்ஸ் தட்டு வந்துவிடும். அதற்குப் பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அம்மா நாட்டைவிட்டு வந்தபோது நாலு வயதுத் தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அகதி முகாமில் அவருக்குச் சோறு தீத்தியதிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களுக்குப் போனது வரைக்கும் எல்லாம் அம்மாதான். அம்மா கலியாணம் செய்தபோது அவரையும் சேர்த்தே அப்பா ஏற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. அப்பா அதைச் சீதனம் என்று சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் மாமாவைக் கண்ட ஒரு ஜேர்மன் பயிற்சியாளர் அவரை இந்த விளையாட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். பிறகு மின்வேலை படித்து உழைக்கத் தொடங்கிய பின்னும் மாமாவின் மனம் முழுக்க மைதானத்தில்தான் கிடந்தது.

அவர் விளையாடிய இடத்துக்கு வைட் ரிசீவர் என்று பெயர். மைதானத்தின் ஒரு கரையில் தனியாகப் போய் நிற்பார். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் பாய்ந்து ஓடி, முன்கூட்டியே பேசிவைத்த இடத்தில் சட்டென்று திரும்புவார். திரும்பும்போது பந்து ஏற்கனவே காற்றில் வந்துகொண்டிருக்கும். பந்தை எறிகிறவன் அவர் நிற்கிற இடத்தைப் பார்த்து எறிவதில்லை, அவர் வந்து சேரவேண்டிய இடத்துக்கு எறிந்துவிடுவான். ஒரு கணம் பிந்தினால் பந்து வெறும் புல்லில் விழும். மாமா பிந்தியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் சனத்துக்குள் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஒரே மனிதர் இவர்தான் என்று அப்பா பகிடி பண்ணுவார்.

பின்னேரங்களில் எங்கள் அடுக்குமாடி முற்றத்தில் நான்தான் அவருக்கு எறிகாரி. பழைய டென்னிஸ் பந்துகளை ஒரு வாளியில் போட்டுத் தருவார். என் எறி நேராகப் போனதாகச் சரித்திரமே இல்லை. சைக்கிள் கொட்டகைக்குப் போகும், கீழ்வீட்டு ஜேர்மன் மூதாட்டியின் பூச்சட்டிக்குப் போகும். "நல்லா எறிஞ்சா ஆரும் பிடிப்பினம். நீ உன்ர பாட்டுக்கு எறி, பிள்ளை" என்பார். குப்புற விழுந்தாவது ஒற்றைக் கையால் பிடித்துவிடுவார். எனக்கு அது உலகத்திலேயே பெரிய வித்தையாகத் தெரிந்தது.

அந்த வருடம் இளவேனிலில் மாமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அமெரிக்கத் தொழில்முறை அணிகளுக்காக வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடுகிறவர்கள் பிராங்பேர்ட்டில் ஒரு நாள் தேர்வு நடத்துகிறார்கள், நீயும் வா என்று. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. இந்த விளையாட்டில் அந்த வயதுக்கு மேல் புதிதாக ஒருவனை யாரும் தேடி வருவதில்லை. வீட்டுக்குள் வந்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றுவது சின்ன வேலை இல்லை. பிறகுதான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். தேர்வு நாளும் என் சாமத்திய வீடும் ஒரே சனிக்கிழமை.

அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தாலும் வீட்டில் அது சாமத்திய வீடுதான். நான் பெரியபிள்ளையாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மண்டபம் கிடைக்காததால் அத்தனை மாதம் நான் பெரியபிள்ளையாகவே காத்திருந்தேன். எட்டு மாதம் பொறுத்தது இன்னும் ஒரு கிழமை பொறுக்காதா என்று மாமா ஒரேயொரு தடவை கேட்டுப் பார்த்தார். அம்மா விரல் மடக்கிச் சொன்னார்: ரொரன்ரோவிலிருந்து அப்பா வழிப் பெரியம்மா குடும்பம், லண்டனிலிருந்து அத்தைமார், பாரிஸிலிருந்து மேடை அலங்காரம். எல்லோரும் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

"நீ உவங்களிட்ட டெர்மினை வேற நாளுக்கு மாத்திக் கேளன்" என்றார் அம்மா. "பல் டொக்டரே மாத்திக் குடுக்கிறார்."

"அது பல்லுப் புடுங்கிற டெர்மின் இல்லை, அக்கா."

"அப்ப தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது? எனக்கு உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஐயர் குறித்துத் தந்த சுபநேரம் காலை ஏழு மணி. தண்ணீர் வார்த்துத் தேங்காய் உடைத்துவிட்டு ஏழரைக்குக் காரில் ஏறினால் மத்தியானத்துக்கு முன்னே பிராங்பேர்ட்டில் நிற்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடுவார்கள். அம்மாவும் சம்மதித்தார். "தண்ணியை வாத்திட்டு நீ போ ராசா. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்." அவரவர் காரியம் அவரவருக்குச் சரியாகிவிட்டதில் வீடு முழுக்கச் சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் எல்லாம் தயாராக இருந்தது. குப்பைத் தொட்டிகளைச் சிவப்புத் துணியால் மறைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எங்கள் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு சடங்கு சொன்ன நேரத்துக்கு நடந்தது. மாமா பட்டு வேட்டியில் வந்து, என் தலையில் பாலில் தோய்த்த அறுகு வைத்து, மஞ்சள் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரை வார்த்தார். தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்தார். மாமா என் கன்னத்தைத் தட்டிவிட்டு, கார்ச் சாவியைத் தேடி இடுப்பைத் தடவினார்.

"வீடியோ எங்க?" என்று அம்மா கேட்டது அப்போதுதான்.

டோர்ட்முண்டிலிருந்து வரவேண்டிய வீடியோ அண்ணை வந்திருக்கவில்லை. சந்தடியில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, ஓட்டோபானில சரியான நெரிசல். பத்து நிமிசத்தில நிப்பன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். எங்கள் ஆட்கள் சொல்கிற பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

"மாமன் தண்ணி வாக்காத சாமத்திய வீட்டு வீடியோவை ஆருக்குக் காட்டுறது?" அம்மாவின் குரல் உடைந்தது. "நாளைக்கு ஊரில இருந்து கேக்க மாட்டினமே, தம்பி எங்கயெண்டு? ஒரு பத்து நிமிசம் நில்லு ராசா."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "சரி அக்கா" என்றார்.

நான் அதற்குள் உள்ளே போய்விட்டேன். அலங்கார அக்கா என் தலையைக் காயவைத்து, பின்னலில் பாதிக்கு வந்திருந்தார். யன்னலால் பார்த்தபோது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தார். கால் சூடாறக்கூடாது என்று ஓடியிருக்கிறார். எனக்கு வேட்டியோடு ஓடுகிற மாமாவைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. மச்சாள்மாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வீடியோ அண்ணை வந்து சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. அம்மா ஒரு கணம் யோசித்தார். இது வீடியோவுக்குத்தானே, கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொன்னார். என் பின்னலை அவிழ்த்து, மறுபடியும் முற்றத்தில் இருத்தினார்கள். அண்ணை கமராவைப் பூட்டி, வெளிச்சம் பார்த்து, குப்பைத் தொட்டி தெரிகிறது என்று வாழைக்கன்றை நகர்த்தினார். இந்தத் தடவை வாளியில் இருந்தது குழாயிலிருந்து நேரே பிடித்த பச்சைத் தண்ணீர். முதல் செம்பிலேயே நான் கத்திவிட்டேன்.

"குளிருதோ?" என்று கேட்ட மாமா, வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்கு நடந்தார். யாராவது எடுத்துவரட்டும் என்று விட்டிருக்கலாம். அவரே போய்த் தண்ணீர் சுடவைத்து, கையால் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, கொஞ்சம் மெதுவா ஊத்துங்கோ" என்றார் வீடியோ அண்ணை. "கொஞ்சம் சிரியுங்கோ. இப்ப அந்தப் பக்கமா நிண்டு இன்னொருக்கா."

மாமா மெதுவாக ஊற்றினார். சிரித்தார். அந்தப் பக்கமாகவும் நின்று ஊற்றினார். எல்லாம் முடிந்து, உடுப்பு மாற்றவும் நேரமில்லாமல், நெற்றியில் சந்தனத்தோடும் ஈர வேட்டியோடும் காரில் ஏறினார். அப்போது பத்து மணி கடந்துவிட்டது. அம்மா கார்க் கண்ணாடிக்குள்ளால் அவருக்கு ஒரு பொட்டலம் வடை கொடுத்துவிட்டார்.

பிராங்பேர்ட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவந்தது போன இலையுதிர்காலத்தில்தான். இப்போது அமெரிக்க அணிகளே ஜேர்மனிக்கு வந்து விளையாடுகின்றன. அப்படியொரு ஆட்டத்தை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் மாமாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குச் சொந்தமாக மின்வேலை நிறுவனம் இருக்கிறது, கொஞ்சம் தொந்தியும் இருக்கிறது. அந்தத் தேர்வுக்குப் பிறகு இன்னும் இரண்டு கோடைகாலம் விளையாடிவிட்டு, வேலை கூடிப்போச்சு என்று நிறுத்திக்கொண்டவர். திரையில் ஒரு வைட் ரிசீவர் கோட்டோரத்தில் விழுந்து பந்தைப் பிடித்தான். உங்களை எடுத்தும் நீங்கள் ஏன் மாமா போகவில்லை என்று நான் கேட்டேன்.

"ஆர் எடுத்தது? நான் போகேக்க எல்லாம் முடிஞ்சுது" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "பந்து எறியிறவங்கள் பையைக் கட்டிக்கொண்டு நிண்டாங்கள். ஒருக்கா ஓடிக் காட்டுறன் எண்டு கெஞ்சிப் பாத்தன். அந்த அமெரிக்கன் நல்ல மனுசன். என்ர நெத்தியில சந்தனத்தைப் பாத்திட்டு, உனக்குக் கலியாணமோ எண்டு கேட்டான். ஓம் எண்டிட்டன். வாழ்த்துச் சொல்லி, ஒரு டீசேர்ட்டும் தந்து, அடுத்த வருசம் வா எண்டான்."

அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்தபோது மாமாவின் வயது கடந்துவிட்டது.

குசினியில் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் மாமா அந்தக் காலத்திலேயே வேறு கதை சொல்லியிருந்தார். அவர்கள் கூப்பிட்டார்கள், நான்தான் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்று. அம்மா அதற்காக அவரை ஒரு கிழமை ஏசினார். பிறகு வந்த பத்து வருடமும் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா வாயில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை மாமா பிராங்பேர்ட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் எங்கள் விழா முடிந்திருக்கவில்லை. வெளியே நல்ல வெயில். நான் மூன்றாவது சேலையில், வாங்குப் பலகை மாதிரி நீண்ட கேக்குக்கு முன்னால் நின்றேன். மண்டபத்துக் கதவால் மாமா வருவதைக் கண்டதும் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். அவர் கையில் அந்த டீசேர்ட் இருந்தது. "இந்தா, உனக்குத்தான்" என்று தந்தார். நெஞ்சில் பந்தின் படமும் ஆங்கில எழுத்துகளும். தெரிவானவர்களுக்குத்தான் இப்படி உடுப்புக் கொடுப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு ஏறி, அறிவிப்பாளரிடமிருந்த மைக்கைப் பறித்தேன்.

"என்ர மாமாவை அமெரிக்காவுக்கு எடுத்திட்டாங்கள்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை அவர் என்ன விளையாடுகிறார் என்றே விளங்காதவர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். அம்மா ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார். மாமா அம்மாவின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"காணும் பிள்ளை. மைக்கைக் குடு."

மாமாவுக்கு வெட்கமாக்கும் என்று நினைத்தேன். பின்மேசையில் என் வகுப்புத் தோழிகள் ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தெரியட்டும் என்று, ஜேர்மனில் இன்னொரு தடவை, இன்னும் உரத்துச் சொன்னேன்.