எதிர்ப்பக்கம் போன தட்டு

என் அக்கா வீட்டில் எனக்குச் சோறு போடும் எவர்சில்வர் தட்டு தரையில் சமமாக உட்காராது. நடுவில் பள்ளம் விழுந்து அடிப்பக்கம் புடைத்திருக்கும். ரசம் ஊற்றினால் அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கும். கை கொஞ்சம் அழுத்தமாகப் பட்டால் தட்டு சாய்ந்து ரசம் ஓரம் தாண்டி ஓடிவிடும். இடது கையால் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அலமாரியில் நல்ல தட்டுகள் அடுக்கியிருக்க, "மாமாவுக்கு மட்டும் எதுக்கும்மா இந்த ஆடுற தட்டு?" என்று அவள் மகன் கேட்பான். அக்கா சிரித்துக்கொண்டே சோற்றைப் போடுவாள். அந்தத் தட்டு அப்படி ஆனது கபடி பார்த்து.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும், பெய்யாவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். எங்கள் டீம் எந்த ஊரில் ஆடினாலும் அக்காவும் நானும் டிராக்டர் பெட்டியில் ஏறிப் போய்விடுவோம். எனக்குக் கபடி என்றால் உயிர். ஆனால் கூட்டத்தில் எனக்கு வாய் வராது. விசிலடிக்கக் கூச்சம், கைதட்டக்கூடப் பக்கத்து ஆள் தட்டிய பிறகுதான் தட்டுவேன். அக்கா அப்படி இல்லை. வீட்டிலிருந்து இந்தத் தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்து, எங்கள் ஆள் எதிராளி ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தட்டின் நடுவில் ஓங்கி அடிப்பாள். கூடவே தொண்டை கிழியக் கத்துவாள். பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று அம்மா திட்டியதெல்லாம் அவள் காதில் ஏறியதே இல்லை. "ஏலே, நீ மனசுக்குள்ள கத்து. ஒனக்கும் சேத்து நான் வெளிய கத்துறேன்" என்று என்னிடம் சொல்லுவாள். விளையாட்டாகச் சொன்னதுதான். நான் அதை ஒரு ஒப்பந்தம் போலவே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு எதிரி என்றால் ஒரே ஊர்தான். பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டின் மேலேயே இருக்கிறது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். நாங்கள் ரோட்டூர் என்போம். வீட்டுக்கு வீடு லாரி வைத்திருந்த ஊர். லாரிக்காரர்கள் காசு போட்டு வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கூட்டி வருவார்கள். அவர்கள் வேனில் வந்து இறங்குவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரியும். முழங்காலுக்கு உறை, காலுக்குக் கேன்வாஸ் ஷூ, ஒரு கூடை நிறைய அவித்த முட்டை. ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் காலை ஒருவர் பிடித்து எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். எங்கள் பையன்கள் காலையில் மல்லி பிடுங்கிவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு வந்து வெறுங்காலில் நிற்பார்கள். ஆட்டத்தில் தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குமுன்பே, அந்த முட்டைக் கூடையைப் பார்த்தவுடனே தோற்றுப்போகிறோமே, அதுதான் தாங்காது. ரோட்டூர் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து முட்டை உரிப்பதை, வெறித்துப் பார்க்கிறோம் என்று தெரிந்துவிடாதபடி ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

எங்கள் டீமுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். டிராக்டர் அவருடையது, டீமும் ஏறக்குறைய அவருடையதுதான். வெளியூர் ஆள் எடுக்கவே மாட்டார். ஊரே டீக்கடையில் அவரைச் சுற்றி நின்று சண்டை போடும்.

"வேத்தாளுக்குக் குடுக்குற காசுல நம்ம பயகளுக்குப் புதுப் பனியன் எடுத்துருவேன்ல" என்பார் தலைவர்.

"பனியனா பாடிப் போயித் தொட்டுட்டு வரப் போகுது?" என்று பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள்.

"மூணாம் பரிசு வாங்கிக்கிட்டுத்தானப்பா இருக்கோம். ஒங்களுக்கு என்ன கொற?"

"மூணாம் பரிசு அண்டாவுல எங்களப் போட்டு அவிச்சுருங்க!"

தலைவரும் சேர்ந்து சிரிப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாம் பரிசுக்குப் பெரும்பாலும் அண்டாதான் கொடுப்பார்கள். எங்கள் ஊர் மடத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ரோட்டூர்க்காரர்கள் எங்களுக்கு 'அண்டா டீம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தாலே "ஏய், சமையலுக்கு ஆள் வந்தாச்சுடோய்!" என்று குரல் வரும். அந்த மனிதருக்கு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையே இல்லையோ என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். காசு இல்லை என்றால் மனசு ஆறிவிடும். இருந்தும் எடுக்க மாட்டேன் என்பவரை என்ன செய்வது?

அவருடைய சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. உள்ளூரில் பெண் எடுத்தவர் ஊர் மாப்பிள்ளை; அவர் வேற்றாள் ஆக மாட்டார். தன்னுடைய மருமகனை டீமில் சேர்ப்பதற்காகத் தலைவரே வைத்துக்கொண்ட சந்து அது. காரியாபட்டிக்காரரான அந்த மருமகன் மூச்சுப் பிடித்து நாலடி பாடிப் போக மாட்டார். ஆனாலும் மாப்பிள்ளை. ஒரு நாள் டீக்கடையில் யாரோ எரிச்சலில் சொன்னார்: "அப்ப ரோட்டூருக்கு ஆடுறானே அந்தத் திருச்சுழிப் பக்கத்துப் பய, அவனுக்கு நம்மூருப் பொண்ணக் குடுத்துருவோம். சல்லிக்காசு செலவில்லாம ஆளு நமக்கு வந்துருவான்ல!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த ஆட்டக்காரர் எங்களுக்குத் தூரத்து முறையில் அத்தை மகன் ஆக வேண்டும். அவருடைய ஊரில் டீமே கிடையாது, ரோட்டூர்க்காரர்கள்தான் போட்டிக்குப் போட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். டீக்கடையில் சிரிப்பாகக் கிளம்பியது அப்பா காதுக்கு நல்ல சம்பந்தமாக வந்து சேர்ந்தது.

பெண் பார்க்க வந்தபோது அவர் தலையைக் குனிந்தபடி பூந்தி தின்றுகொண்டிருந்தார். மைதானத்தில் புலி மாதிரிப் பாய்கிற ஆள், எங்கள் வீட்டுப் பாயில் என்னைவிடக் கூச்சமாக உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண்ணுக்குச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்தே சத்தமாகச் சொன்னாள்: "இவுக நம்ம டீமுக்கு ஆடுவாகன்னா எனக்குச் சம்மதம்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பூந்தியை விழுங்கிவிட்டு, "ஆடிருவோம்" என்றார்.  அன்று ஊரில் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். எங்களுக்கு ஆட்டக்காரர் கிடைத்துவிட்டார், ரோட்டூருக்கு இனி அவர் இல்லை. அக்கா இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சீர்ச் சாமானோடு இந்தத் தட்டையும் கட்டும்போதுகூட ஏறவில்லை.

கல்யாணம் முடிந்து அடுத்த பொங்கலுக்கு மச்சான் எங்கள் பனியனைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்தப் போட்டியில் நாங்கள் முதல் தடவையாகக் கடைசி ஆட்டம் வரை போனோம். எதிரே ரோட்டூர். வெயில் இறங்குகிற நேரம். முதல் பாதி முழுக்க மச்சானுடைய ஆட்டம்தான். அவர் பாடிப் போனால் எதிராளிகள் பின்கோடு வரை ஒதுங்கினார்கள். அக்கா அடித்த அடியில் கரண்டிக் காம்பு வளைந்துபோனது. நானும் அன்றைக்கு ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினேன் என்று அவள் பின்னால் சொன்னாள். எனக்கு நினைவில்லை.

இடைவேளையில்தான் கெட்டது. ஊர் மாப்பிள்ளைகளை யாரும் அதட்ட முடியாது. "டேய், போடா உள்ள" என்று தம்பிமாரை விரட்டும் கேப்டன், மச்சானிடம் "மாப்ள, செத்த பாடிட்டு வாரீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. சோடா வந்தபோது யாரோ முதல் பாட்டிலை மச்சான் கையில் கொடுத்துவிட்டார்கள். மூத்த மாப்பிள்ளையான காரியாபட்டிக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "நேத்து வந்தவுகளுக்கு மொதச் சோடாவா?" என்று கேட்டுவிட்டுப் போய் டிராக்டர் பக்கம் நின்றுகொண்டார். தலைவர் பதறிப்போனார். மகள் வீட்டில் நாளைக்கு என்ன பேச்சு வருமோ என்ற பயம் அவருக்கு. "மூத்தவுக இருக்கையில எளையவுகள முந்த விட்டா ஊருக்கு மருவாதி இல்லப்பா. இனிமே மூத்த மாப்ள பாடிட்டு வரட்டும், பெறகு இவுக போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் பாதியில் மூத்த மாப்பிள்ளை பாடிப் போனார், பிடிபட்டார். மறுபடி உயிர் பெற்று உள்ளே வந்தார், மறுபடி பிடிபட்டார். சேர்த்து வைத்த புள்ளியெல்லாம் கரைந்தது. புள்ளி சமமாக நின்றது. கடைசியாகப் பாடிப் போகும் முறை எங்களுடையது, ஒரு ஆளைத் தொட்டால் போதும், ஜெயித்துவிடலாம். மச்சான் கோட்டருகே வந்து குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். தலைவர் வெளியே நின்று மூத்த மாப்பிள்ளையைக் கைகாட்டினார். எங்கள் ஆட்களே "வேணாம் தலைவரே!" என்று கத்தினார்கள். அக்கா கரண்டியை ஓங்கியபடி நின்றாள். மூத்த மாப்பிள்ளை நடுக்கோட்டைத் தாண்டிப் போனார். யாரையும் தொடுவதற்குள் பாட்டு அறுந்து மூச்சை விட்டுவிட்டார், புள்ளி ரோட்டூருக்குப் போனது. அவ்வளவுதான். அக்கா கரண்டியைக் கீழே இறக்கிய சத்தம்கூட எனக்குக் கேட்டது.

இரண்டாம் பரிசுக்கும் அண்டாதான். கொஞ்சம் பெரியது. "மூணுல இருந்து ரெண்டுக்கு ஏறிட்டோம்ல!" என்று தலைவர் உண்மையான சந்தோஷத்தோடு அதைத் தூக்கிக் காட்டினார். மச்சான் பனியனைக் கழற்றி மடித்து டிராக்டர் பெட்டியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆக்கி வைத்த கறிச்சோற்றைத் தொடாமல் பஸ்ஸுக்கு நடந்தார். மாப்பிள்ளை சாப்பிடாமல் போய்விட்டார் என்று ஊரே பின்னால் ஓடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

சித்திரை பிறப்பதற்குள் ரோட்டூர் லாரிக்காரர் ஒருவர், வெற்றிலை பாக்குப் பழத்தோடு மச்சான் வீட்டுக்கே போய், லாரி ஆபீஸில் வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தலைவர் அதைக் கேட்டு, "போறவுக போகட்டும். நம்ம பயக இருக்காகள்ல" என்றார். அந்த வருஷமும் புதுப் பனியன் எடுத்தார்.

அடுத்த போட்டியில் எங்கள் பையன் ஒருவனை ரோட்டூர் ஆட்கள் பிடித்து அமுக்கினார்கள். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து டங், டங், டங் என்று கேட்டது. நான் தலை நிமிராமலே நின்றேன். பள்ளம் விழுந்த தட்டு கணீரென்று ஒலிக்காது, சளி பிடித்த தொண்டை மாதிரிக் கரகரக்கும். ஆயிரம் தட்டுக்கு நடுவில் அடித்தாலும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "ஏலே, அது ஒங்கக்காடா!" என்றான் பக்கத்தில் நின்றவன். நிமிர்ந்தபோது, அவளுடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு ரோட்டூர்ப் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். வேன், ஷூ, முட்டைக் கூடை எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இப்போது இதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுக்குக் கத்த ஆளா இல்லை? எனக்குத்தானே இல்லை?

பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன். "அவுக எறங்கி ஆடையில நான் எந்தப் பக்கம்டா அடிக்க?" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் பொறாமை குறைந்துவிடுமா என்ன?

இப்போது நான் அருப்புக்கோட்டை மில்லில் வேலை பார்க்கிறேன், தலை பாதி நரைத்துவிட்டது. தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன் இப்போது தலைவர், பனியன் மட்டும் பளபளப்பான துணிக்கு மாறியிருக்கிறது. மச்சானுக்கு முழங்கால் போய், தொப்பை வந்து, ஆட்டம் நின்று வெகுகாலம் ஆகிறது. ரோட்டூருக்கு இப்போது அவர் மகன் ஆடுகிறான். என் மருமகன் நன்றாக ஆட வேண்டும் என்றும், அவன் டீம் தோற்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் நிற்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் ரோட்டூர்தான் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் பொங்கல் சீரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

மச்சான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, டிவியில் வரும் கபடிக்கு ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பது பற்றிச் செல்போனில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த டீம் நல்ல ஆள் ஒருவரையும் எடுக்கவில்லையாம். "காச வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறானுகளோ தெரியல, மச்சினா. ஒங்க பழைய தலைவரு மாதிரி ஒருத்தருதான் இதுக்கும் ஓனரு போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதரை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு உரிமை எங்களுக்குத்தான், ரோட்டூர்க்காரருக்கு இல்லை. சீர்ப் பையை அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அக்கா தட்டை வைத்தாள். அது ஒரு ஆட்டம் ஆடி நின்றது. சோற்றைப் போட்டுக்கொண்டே, உள்ளே இருந்த மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "இன்னைக்கு மெதுவாத்தான்டா அடிச்சேன். நீ அங்கிட்டு தனியா நின்னுக்கிட்டு இருந்தியே, பாத்தேன்."

எனக்குக் கேட்டது மெதுவான அடி இல்லை. கையால் சோற்றை ஒதுக்கினேன். பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சொட்டை, நகத்தால் கீறியதுபோல் பளபளவென்று இருந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"ரசம் ஊத்துக்கா" என்றேன்.

தட்டை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொட்டை மறைகிற வரைக்கும் ஊற்றினாள்.