அடிக்குப்பை

பூவாத்தாள் யார் வீட்டு வாசலிலும் நின்று அனுமதி கேட்பதில்லை. புழக்கடைப் படலைத் தள்ளிக்கொண்டு நேரே எருக்குழிக்குப் போகிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மம்பட்டியை இறக்குகிறாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியும்.

வேலந்தாவளத்துக்கு நாங்கள் குடிபோன முதல் வாரமே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். "ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று என் மனைவி பதறிக்கொண்டு ஓடினாள். கட்டைவிரல் தடிமனில், தவிட்டு நிறத் தலையோடு வளைந்து கிடந்த ஒரு வெள்ளைப் புழுவைப் பூவாத்தாள் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இதைய வளத்தீட்டு, என்ன பண்றேன்னு என்னையக் கேக்கறீங்களா?"

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு. இந்தக் காட்டில் பேசினால் அந்தக் காட்டில் கேட்கும் குரல். எந்த வீட்டுக் குழியில் புழு கிடைத்ததோ, அதைச் சுத்தம் செய்யும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். புழுக்கள் தகர டின்னுக்குள் போகும்; டின் கோழிகளிடம் போகும். அந்தப் புழு வளர்ந்து ஆகிற கொம்பு வண்டு அகப்பட்டால் மட்டும் கோழிக்குக் கிடையாது. குதிகாலில் போட்டுத் திருகுவாள். "சாகறப்பவும் கொம்பத் தூக்குது பாரு, திமிரு!"

அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எழுபத்து நாலாம் வருஷ வறட்சியில் கிணற்றின் அடியில் ஊறியதைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அவள் ஒரு தென்னந்தோப்பை எழுப்பினாள். கன்றுகள் ஆள் உயரம் வந்தபோது, விரிகிற மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் விரிந்தது. குருத்துக்குள் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்தாள். காலையில் ஒன்றை எடுத்தால் மறுநாள் காலையில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. ஒருநாள் ஒரு கன்றின் குருத்தைத் தொட்டதும் அது அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடி வெயிலில் வெகுநேரம் நின்றாளாம்.

பிளாக் ஆபீஸிலிருந்து கிராமசேவகர் ஆசீர்வாதம் சைக்கிளில் வந்தார். மருந்துப்பொடியை மணலில் கலந்து மட்டை இடுக்கில் போடச் சொன்னார். "ஆனா இதனால மட்டும் தீராதும்மா. கொம்பன் செல்லி, அதான் இந்தக் கொம்பு வண்டு, தென்னைக்குத் திங்கத்தான் வருது. முட்டை போடறது மக்கின கட்டையிலயும் எருக்குழியிலயும். அந்த எடத்த ஒழிக்காம மரத்துல மருந்து போட்டுட்டே இருந்தா, அதுங்களும் வந்துட்டேதான் இருக்கும்."

பக்கத்துக் காட்டுக்காரர் சென்னியப்பன். மலைக் கணவாய் வழியாக வீசும் காற்றில் சாய்ந்த பழைய தென்னைகளை வரப்போரம் போட்டு மழையில் ஊற விட்டிருந்தார். உதைத்தால் உதிரும், உதிர்ந்தால் உள்ளே புழு. பூவாத்தாள் போய்க் கெஞ்சினாள். "ஏனுங்ண்ணா, அந்தக் கட்டைகளப் பொளந்து எரிச்சுப் போடுங்க. எங் கன்னெல்லாம் போகுதுங்க."

"எங் காட்டுல எங் கட்டை கெடக்குது. உனக்கு எங்க நோவுது? பேசறதுன்னா ஊட்டு ஆம்பளைய வரச்சொல்லு."

ஊட்டு ஆம்பளை காளிச்சாமி யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். "உடு புள்ள, எதுக்கு வம்பு?" என்றார்.

அந்த வாரச் சந்தையில் சென்னியப்பன் ஒரு ஜோடிக் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் விரலும் தரகர் விரலும் துண்டுக்கடியில் இருந்தன. பூவாத்தாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, டின் நிறையப் புழுவை அந்தத் துண்டின்மேல் கவிழ்த்தாள். "உங்க புள்ளைங்க. ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போங்க!" தரகர் கையை உதறிக்கொண்டு ஓட, சந்தையே சிரித்தது. காளை கைமாறவில்லை.

மறுநாள் சென்னியப்பன் ஆள் வைத்து அத்தனை கட்டையையும் உருட்டிவந்து அவள் தோப்பு வாசலில் போட்டுவிட்டார். அவளை அழவைக்க அவர் செய்த காரியம் அது. அவள் கோடாலியை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிளந்து, புழு பொறுக்கி, காயவைத்துக் கொளுத்தினாள். அந்த வாரம் முழுக்கப் புகை சென்னியப்பன் வீட்டுப் பக்கம்தான் போனது.

இருந்தும் அடுத்த மழைக்கு வண்டு வந்தது. அப்போதுதான் ஊர்க் குழிகளைக் கிளறத் தொடங்கினாள். திட்டினார்கள், நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவள் ஓயவில்லை. வண்டும் ஓயவில்லை.

போன மாதம் ஆசீர்வாதம் மறுபடி வந்தார். "ஊரெல்லாம் பாத்தாச்சு. உங்க குழி எப்படிம்மா?"

"அது எங்க ஊட்டுக்காரரு பாத்துக்கறாருங்க."

தொழுவத்துக்குப் பின்னால், சோளத்தட்டு போட்டு மூடி, காளிச்சாமி பெருமையாக வைத்திருக்கும் குழி அது. வருஷா வருஷம் மேலாக வாரி வண்டியேற்றுவார். அடியைத் தொடமாட்டார். அடிக்குப்பை கிடந்தால்தான் மேற்குப்பை சீக்கிரம் மக்கும் என்பது அவர் கணக்கு. அவள் எப்போது மம்பட்டியோடு வந்தாலும், "எங் குப்பையில ஒண்ணுமில்ல. நாம் பாக்காததா?" என்று அனுப்பிவிடுவார். ஊரில் ஒருவர் பேச்சையும் நம்பாதவள் அவர் பேச்சை நம்பியிருந்தாள்.

அன்று பிற்பகல் அவள் தட்டைப் பிரித்து எறிவதை வேலியோரம் நின்று பார்த்தேன். இடுப்பளவு தோண்டியதும் மம்பட்டி நின்றது. அடிக்குப்பை முழுவதும் நெளிந்தது. சென்னியப்பன் கட்டை எல்லாவற்றிலும் சேர்த்து இவ்வளவு இருந்திருக்காது.

செய்தி எப்படித்தான் போனதோ, சென்னியப்பன் வரப்பில் வந்து நின்றார். "ஏம் பூவாத்தா, இந்தப் புள்ளைங்கள எந்தச் சந்தைக்கு ஓட்டப் போற?"

அவள் முகம் கறுத்திருந்தது. தோப்பின் பக்கம் பார்த்தாள். பாதி மரம் மொட்டையாக நின்றது.

காளிச்சாமி குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "உடு புள்ள. வாற வருசம் வேற கன்னு வெச்சுக்கலாம்."

கல்யாணமான நாள் முதல் அவரிடம் 'ங்க' போடாமல் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எறங்கு" என்றாள்.

அவர் வரப்பில் நின்ற சென்னியப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சூடு பறந்த அந்த அடிக்குப்பைக்குள் முழங்கைவரை அழுத்தினாள். உள்ளே நெளிவது பட்டு அவர் முகம் கோணியது, கையை இழுத்தார். அவள் விடவில்லை.