லில்லிபாய் அக்கா எழுதாத அட்டை

மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது சாந்தியின் போன் வந்தது. லில்லிபாய் அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரி அவள். "அக்கா, லில்லிபாய் அக்கா போயிட்டாவ" என்றாள். வாசல் திறக்காததைக் கண்டு பின்பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். எப்போதும் உட்காரும் நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி, வேதப்புத்தகம் மடியில் கிடக்க அக்கா இருந்தாராம். "நேத்து சாயங்காலம் கூட பேச்சுச் சத்தம் கேட்டுதே" என்று விம்மினாள். யாரோடு பேசினார்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஆருகூட, அவியகூடத்தான்" என்றாள் சாந்தி.

அக்காவை அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் விசித்திரமாக இருக்காது. அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வரவு செலவும் நம் பெண்கள் சங்கத்து வரவு செலவும் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. கணக்கெழுதுகிறவள் நடந்ததைத்தான் எழுத முடியும். அக்காவைப் பற்றியும் அப்படியே எழுதுகிறேன். இதில் சிலவற்றுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. இல்லாத விளக்கத்தை நானாக எழுதிச் சேர்க்கவும் மாட்டேன்.

லில்லிபாய் அக்காவின் கணவர் இளவயதிலேயே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்தார். காலையில் எழுந்ததும் வேதத்திலிருந்து ஒரே ஒரு வசனம் வாசிப்பார். அதற்கு மேல் வாசிக்க மாட்டார். அதை நாள் முழுக்க மனதில் போட்டு மென்றுகொண்டே துணி வெட்டுவார், அளவெடுப்பார். வெயில் தாழ்ந்ததும் மிஷினை மூடிவிட்டு, சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார்.

அவர் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் தைத்த ரவிக்கையை வாங்கப் போனேன். வராந்தாவில் ஏறும்போது உள்ளே இரண்டு பேர் பேசுவது கேட்டது. ஒரு குரல் தாழ்ந்து, நிதானமாகக் கேட்டது: "ஏட்டி லில்லி, இன்னைக்கு ஆரு மேல முகத்தச் சுளிச்ச?" இன்னொரு குரல், அக்காவின் குரல், "மேரி மேல" என்றது. "என்னத்துக்கு?" அக்காவின் குரல் இறங்கியது: "அவளுக்க சேல புதுசு." நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அறையில் அக்கா மட்டும்தான் இருந்தார்.

"நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுதியளா?" என்றேன். அக்கா கோபப்படவில்லை. "பதில் சொல்லுறது நான். கேக்குறது நானில்ல பிள்ளே. நான் வாய் மட்டும் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு ரவிக்கையை எடுத்துத் தந்தார். மிஷின் மூடியிருந்தது, மின்விசிறியும் ஓடவில்லை. ஆனாலும் யாரோ பேசி முடிக்கட்டும் என்று அந்த அறை காத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. ரவிக்கையின் அளவைக்கூடச் சரிபார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படிச் சங்கத்து மேரியின் புதுச் சேலை வரைக்கும் தன்னைக் கிண்டிக் கிளறிப் பார்த்தவர் ஒரே ஓர் இடத்தை மட்டும் தொட்டதில்லை. அது அவருடைய தம்பி ஞானதாஸ். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். வேறு சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். தாயாரின் அடக்க ஆராதனைக்கு வந்தவர் நம் ஆலயத்துக்குள் வர மறுத்து, வெளியே மதிலோரமாகவே நின்றார். குழிமேட்டில் மண் போட்டு முடிந்ததும் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இன்னைக்கு எனக்கு ரெண்டு சாவு. அம்மைக்கு கல்லறை உண்டு. அவனுக்கு அதுவும் வேண்டாம்."

அதன்பின் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், "அவன் போயாச்சு" என்பார். புதிதாக வந்தவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்போது புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகரின் மனைவி சங்கத்துக் கூட்டத்தில், தம்பியைப் பறிகொடுத்த இந்தச் சகோதரியைத் தேற்றும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தார். நாங்கள் சிலர் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கண்களைத் திறக்கவே இல்லை. தெளிவாக, "ஆமேன்" என்றார்.

இனி அந்த அட்டை விஷயம். புது வருஷத்தில் நாம் எல்லோரும் டப்பாவிலிருந்து, ஆண்டவரின் வாக்கு ஒன்று எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் வரும் வசனத்தை வருஷம் முழுக்க நமக்கென்று வைத்துக்கொள்கிறோம். அக்காவுக்கு அதில் ஒரு குறை. "ஆண்டவர் தாறது மட்டும்தான் அட்டையில வருகு. அவரு கேட்டது ஒண்ணையும் காணல்ல. கேட்டதையும் எடுக்கணும் கேட்டியளா" என்றார். ஜனவரி மாதக் கூட்டத்துக்கு அட்டைகளைத் தானே எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டார். வேதத்தில் ஆண்டவர் மனிதரைப் பார்த்துக் கேட்ட கேள்விகளைத் தேடி, துணி வெட்டும் கத்தரியால் அட்டை வெட்டி, ஆளுக்கு ஒன்றாகத் தன் கையால் எழுதினார். நான் பொருளாளர் என்பதால் எண்ணிச் சரிபார்த்து டப்பாவில் போட்டேன்.

மத்தியான வெயிலில் கூட்டம் நடந்தது. குகைக்குள் ஒளிந்த எலியாவிடம், இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்கப்பட்ட கேள்வி மேரிக்கு வந்தது. "சாயா குடிக்கத்தான் வந்தேன், வேற என்ன காரியம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டப்பா கடைசியாக அக்காவிடம் வந்தது. உள்ளே ஒரே அட்டைதான் மிச்சம். எடுத்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அருகே இருந்ததால் எனக்கும் தெரிந்தது. தம்பியைக் கொன்ற காயீனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது: உன் சகோதரன் எங்கே.

"இத நான் எழுதல்ல" என்றார் மெதுவாக.

"எழுத்து உங்களுக்க எழுத்துதானே அக்கா."

"எழுத்து எனக்க எழுத்துதான். எழுதினது நானில்ல."

கூட்டம் முடிந்து நடந்து வரும்போது அவரே சொன்னார். "அந்தக் கேள்விய வேணும்னேதான் விட்டேன் பிள்ளே. அந்த அதிகாரம் வந்தப்போ பக்கத்தப் புரட்டிட்டுப் போயிட்டேன்." அட்டைகளை எண்ணியவள் நான். ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது, அக்கா எழுதிய கேள்வி ஒன்று அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். அது என்ன கேள்வி என்று அக்காவுக்கும் நினைவில்லை. அதை யாரும் எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. ஒருநாள் மீன் வாங்கும் இடத்தில் சாந்தி என்னைத் தனியாக இழுத்தாள். "அக்கா, எனக்குப் பயமாட்டு இருக்கு. முன்னெல்லாம் ரெண்டு சத்தமும் கேக்கும். இப்போ கேக்குத சத்தம் மட்டுந்தான் வருகு. பதிலக் காணோம்" என்றாள். ஒரே கேள்வி, விட்டுவிட்டு, இருட்டும்வரை கேட்குமாம். நான் போய் அக்காவிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். "தம்பிக்கு ஒரு போன் பண்ணுங்கோ" என்றேன். "செத்தவனுக்கு ஆரு போன் பண்ணுவா?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. தான் சொன்ன சொல்லைத் தானே நம்பிவிட்ட ஒருத்தி சொல்வதுபோல் இருந்தது. உண்மையிலேயே ஞானதாஸ் இறந்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இவருக்கு வழியே இல்லாமல் போகுமே என்று அன்று பயந்தேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பையும் குடையுமாக என் வாசலில் வந்து நின்றார். "குலசேகரம் வரைக்கும் ஒரு தொணைக்கு வாறியா?" அவ்வளவுதான் கேட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி ரப்பர் தோட்டத்து வழியே நடந்தோம். வெளியே நல்ல வெயில், உள்ளே சாயங்காலம்போல மங்கல். காய் வெடிக்கும் காலம். தலைக்கு மேலே எங்கோ ஒரு காய் படீரென்று தெறிக்கும், கொட்டைகள் சருகில் விழும். அக்கா நின்றார். "பின்னால ஆரோ வருகாவ" என்றார்.

"காய் வெடிக்குது அக்கா."

"அது எனக்குத் தெரியும். அதுக்க ஊடால நடக்குத சத்தத்தச் சொல்லுகேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா திரும்பினார். யாருக்கோ வழி விடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு நடந்தார்.

ஞானதாஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உயிரோடிருக்கிறார் என்று கண்டதும் என் மனதிலிருந்த கல் இறங்கியது. இரண்டு கண்களும் புரை விழுந்து வெளுத்திருந்தன. நாங்கள் முற்றத்தில் கால் வைத்ததுமே முகத்தைத் திருப்பினார். ஆச்சரியமே இல்லாத குரலில், "உள்ள வா அக்கா. இன்னும் எத்தன நாளு முத்தத்திலயே நிப்ப?" என்றார்.

அவர் மனைவி சுகந்தி உள்ளேயிருந்து ஓடி வந்தார். எங்களைக் கண்டு திடுக்கிட்டு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "மைனி, நீங்க நெசமாட்டு வந்திருக்கியளா?" என்று கேட்டார். சில மாதங்களாகவே வெயில் தாழ்ந்ததும் ஞானதாஸ், "அக்கா பச்சச் சேல உடுத்திட்டு வந்து நிக்கா, உள்ள கூப்பிடு" என்பாராம். சுகந்தி வந்து பார்த்தால் முற்றத்தில் யாரும் இருக்க மாட்டார்களாம். கணவருக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்துபோயிருந்தார். பச்சைச் சேலை, அக்கா தைக்கும்போது வீட்டில் உடுத்துவது. வெளியே போக அதை அவர் உடுத்தியதே இல்லை.

உட்காரச் சொல்லியும் அக்கா படியேறவில்லை. கீழே நின்றபடியே சொன்னார்: "ஞானதாசே, நான் உன்னச் செத்தவன்னு சொல்லிட்டு நடந்தேன். உனக்காகத் துக்கப்பட்டு ஜெபிச்சப்போ ஆமேனும் சொன்னேன். அன்னைக்கு நீ உள்ள வராததுக்கு நான் உன்னக் கொன்னுட்டேன்."

ஞானதாஸ் உள்பக்கம் திரும்பி, "சுகந்தி, செத்தவனுக்கும் கொன்னவளுக்கும் ஆளுக்கொரு கட்டன் சாயா போடு" என்றார். அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அழுதுகொண்டே படியேறினார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "இனி நிம்மதியாட்டு இருக்கலாம்" என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பதில் சொன்னதோட கேள்வி தீந்துராது. நாளைக்கும் கேப்பாரு. நாளைக்கும் அவன் எங்கண்ணு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். அதன்படியே நடந்தார். மாதம் தவறாமல் குலசேகரம் போய் வந்தார். அந்த முற்றத்தில் அதன்பிறகு யாரும் வந்து நின்றதில்லை என்று சுகந்தி சொன்னார்.

அடக்கத்தன்று ஞானதாஸை சுகந்தி கைப்பிடித்துக் கூட்டி வந்தார். ஆலய வாசலில் அவர் நின்றுவிட்டார். பழைய பிடிவாதம் திரும்புகிறதோ என்று நினைத்தேன். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாகிவிட்டது, பாட்டும் தொடங்கிவிட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கையை விடு. அக்கா உள்ள கூப்பிடுகா" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பார்வையோடு, எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடுவழியே நேராக நடந்து பெட்டியருகில் போய் நின்றார். போதகர் பாட்டை நிறுத்திவிட்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். ஆறுதல் என்று எழுதினால் பொய்யாகும். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பயம். முன்பெல்லாம் நான் வேதத்தை என் சொந்த அலமாரியைத் திறப்பதுபோலத் திறப்பேன், வேண்டியதை எடுப்பேன், மூடுவேன். இப்போது அப்படி முடிவதில்லை. முந்தானையைச் சரிசெய்துகொள்கிறேன், மெதுவாகத் தொண்டையைச் செருமுகிறேன். உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறவள்போல, கொஞ்சம் பொறுத்துத்தான் திறக்கிறேன்.