வெயில் தின்னும் ஊர்ப்பலகை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பெயர்ப்பலகை இருந்ததாம். பகலெல்லாம் வெயிலைத் தின்னுமாம், பொழுது சாய்ந்தால் வெளிச்சமாகக் கக்குமாம். எங்கள் தாத்தா சொல்லியிருந்தால் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார். அந்தப் பலகைக்கு சோலார் விளக்கு மாட்டியவன் நான். எங்கள் தொழிலில் சூரியன் தகராறு செய்வதே இல்லை, மற்ற எல்லாரும் செய்வார்கள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிற சக ஜீவன்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

ஊர் குத்தாலம் பக்கம், மருதவாய்க்கால். மாயவரம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்வி அக்கா சாயங்கால பஸ்ஸில்தான் திரும்புவார். இருட்டில் பலகை தெரியாமல் டிரைவர் தாண்டிப்போய் அடுத்த பாலத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து வயல் நடுவே தனியாகத் திரும்பி நடக்க வேண்டும். நான் கம்பத்துக்குக் குழி தோண்டிய அன்றே வந்து சொல்லிவிட்டார்: "லைட்டு அழகா இருக்கணும்னு இல்ல தம்பி. டிரைவர் கண்ணுல குத்தணும், அவ்ளோதான்."

தகடு எந்தப் பக்கம் பார்க்கும்?

விளக்கு வாங்கிக் கொடுத்தவர், பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜமால் பாய். பணம் அனுப்பியது துபாயில் இருக்கும் அவர் மகன். வெயிலை வாங்கும் சோலார் தகட்டைத் தெற்கே பார்த்து மாட்டினேன். ரோடு வடக்கே. பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தகட்டின் முதுகுதானே தெரியும்?

தெற்கே பார்த்தால்தான் வெயில் நன்றாக விழும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மகனுக்கு போட்டோ அனுப்புகிற வரைக்கும் வடக்கே திருப்பி வைத்து, பிறகு பழையபடி தெற்கே திருப்பினேன். பாய்க்கு மனசாறவில்லை: "சூரியனுக்குத் தெரிஞ்சு என்ன தம்பி பிரயோஜனம்? சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குல்ல தெரியணும்!"

பொட்டு வைத்த தகடு

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். செல்வி அக்கா போன். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடுகிறதாம், பஸ் மறுபடி பாலத்துக்குப் போய்விட்டதாம். போய் ஏணி வைத்து ஏறினால், தகடு முழுக்கப் பட்டை பட்டையாய்ச் சந்தனம், நடுவே குங்குமம், மேலே காய்ந்த மாலை. வெயில் நுழைய இடமில்லை.

பூஜை போட்டவர் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் முருகையன் அண்ணன். டேங்க் மோட்டாருக்குப் பொட்டு வைத்தவர் இதை மட்டும் விட்டுவிடுவாரா? நான் துடைக்கத் துடைக்கக் கீழே நின்று வருத்தப்பட்டார்: "பொட்டு வெக்கலன்னாதான் கோவிச்சுக்கும்னு நெனச்சேன். இது வெச்சதுக்குல்ல கோவிச்சுக்குது!"

சாக்கு மாட்டிய விளக்கு

அடுத்த முறை தகடு பளபளவென்று இருந்தது. விளக்குக்குத்தான் யாரோ உரச் சாக்கை மாட்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். யாரோ என்ன, பக்கத்து வயல்காரர் தங்கராசு, வரப்பில்தான் நின்றிருந்தார். சம்பா நெல் தூர் கட்டிக் கிளைக்கிற நேரம். விளக்குக்கு வருகிற அந்துப்பூச்சியெல்லாம் அவர் பயிரில் முட்டை வைக்கிறது, குருத்து காய்கிறது. "ஒரு பொண்ணு எறங்குறதுக்காக என் பயிர் பட்டுப்போகணுமா?" என்றார்.

கோபத்தில் நியாயம் இருந்தது. எனக்குச் சத்தம் போட்டும் பழக்கமில்லை. பாய் கடையில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்குக்கு அடியில் வைத்தேன். ஒரே ஒரு ராத்திரி சாக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். விடிந்ததும் அவரே போன் செய்தார். தொட்டியில் தண்ணீர் தெரியவில்லையாம், அத்தனை பூச்சி. "தம்பி, லைட்டு கொஞ்சம் மங்கலா இருக்கே. பெருசா ஒண்ணு மாட்டி, போர்டையும் என் வயல் பக்கமா நாலடி தள்ளி நட முடியுமா?"

சாயங்கால பஸ்

நேற்று பேட்டரி பார்க்கப் போயிருந்தேன். தங்கராசு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, நேரே பலகைக்கு எதிரே நின்றது. செல்வி அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். புகார்தான் சொன்னார்: "தூரத்துலேந்தே கண்டக்டர் 'லைட்டு வந்துருச்சு, எந்திரி எந்திரி'ங்கறாரு தம்பி. சீட்டுல கொஞ்சம் கண்ணசர விடமாட்டேங்கறாரு!"

சொல்லிவிட்டு வெளிச்சத்தைத் தாண்டித் தெருப்பக்கம் போய்விட்டார். வெயிலை பேட்டரியில் அடைக்க ஒரு பகல் போதும், அதை எரிய விடுங்கள் என்று ஊரிடம் சம்மதம் வாங்கத்தான் ஒரு போகம் ஆகிறது.