ஆட்டு லோடும் ஆறு மணி நேரப் பந்தயமும்

பந்தயக் கார் ஓட்டுற தொழில்ல ஒரு சௌகரியம், எம்புட்டு வேகமாப் போனாலும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்த மாட்டாரு. ஒரு சங்கடம், எம்புட்டு தூரம் போனாலும் பொறப்பட்ட எடத்துலதான் வந்து நிக்கணும். கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து எலைக்காரர் "தம்பி என்ன பண்றீங்க?"ன்னு கேட்டதும், பதில் சொல்ல முடியாம சோத்தைப் பார்த்துக் குனியுற ஆளுங்க உங்கள்ல யாராச்சும் இருந்தா வாங்க, நாம ஒரே கூட்டம். "கார் ஓட்டுறேன்"னு சொன்னா, "சவாரி நல்லாக் கெடைக்குதா?"ம்பாங்க. "ரேஸ் ஓட்டுறேன்"னு சொன்னா சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க.

என் பேரு ஜெயபாண்டி. ஊரு கன்னிவாடிப் பக்கம். அப்பாகிட்ட ஒரு குட்டியானை இருக்கு. தும்பிக்கை வச்சது இல்ல, லோடு ஏத்துற சின்ன வண்டியைத்தான் எங்க பக்கம் அப்படிச் சொல்லுவோம். தக்காளி ஏத்துவோம், தேங்கா ஏத்துவோம், சந்தை நாள்ல அய்யலூருக்கு ஆடு ஏத்துவோம். இந்த வண்டியை விட்டுட்டு நான் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். ஏதாச்சும் ஒரு டீமு என்னையக் கூப்பிட்டு, "இந்த வருசம் பூரா நீதாண்டா எங்க டிரைவரு"ன்னு சொல்லணும். அந்த ஆசை பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

ஆடு விழக் கூடாது

லைசென்ஸ் எடுத்து, கொஞ்ச காலம் அப்பாவோட லோடு ஓட்டிட்டு, திண்டுக்கல் பைபாஸ்ல சிக்கந்தர் பாய் தொறந்த கோ-கார்ட் மைதானத்துல வேலைக்குச் சேர்ந்தேன். கோ-கார்ட்டுன்னா முழங்கா உசரத்துக்கு ஒரு குட்டி ரேஸ் வண்டி. கதவும் கெடையாது, கூரையும் கெடையாது. லீவு நாள்ல குடும்பங் குடும்பமா வந்து ஓட்டுவாங்க, ஓரத்துல அடுக்கி வச்சிருக்குற டயர்ல போய் முட்டுவாங்க, சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுப்பாங்க. முட்டுன வண்டியை இழுத்து விடுறதுதான் என் வேலை. கூட்டம் கலைஞ்சதும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு நிப்பாட்டணும்.

அந்த ரவுண்டை நான் ஆட்டு லோடு ஓட்டுன பழக்கத்துலயே ஓட்டுவேன். ஆடு நிக்கிற வண்டியில படக்குன்னு பிரேக் போட்டா, பின்னாடி ஆடெல்லாம் முன்னாடி ஆட்டு மேல விழும். காலு ஒடியும். ஆட்டுக்காரர் நடு ரோட்டுலயே சண்டைக்கு நிப்பாரு. அதனால தூரத்துலயே வளைவைப் பார்த்துரணும், பதமா அமுக்கணும், ஒரே சீராத் திருப்பணும். பார்க்குறவங்களுக்குத் தூங்கிக்கிட்டே ஓட்டுறாப்ல இருக்கும். ஒருநாள் பாய், டைம் காட்டுற பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தாரு. அன்னைக்கு வந்து டயரைக் கீச்சு கீச்சுன்னு கத்த விட்டு ஓட்டுன காலேஜ் பசங்க எல்லாரையும் விட என் டைம் கம்மி. பெட்டிதான் ரிப்பேருன்னு நெனைச்சு மறுபடியும் ஓட்டச் சொன்னாரு. இன்னும் கொறைஞ்சது. இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "யா அல்லா, ஆடு ஏத்துன மாதிரிதானடா போற, டைமு மட்டும் எங்கடா கொறையுது?"ன்னாரு.

மீசை வச்ச புதுமுகம்

பாய்க்கு ஒரு கிறுக்கு புடிச்சா விட மாட்டாரு. என்னையக் கூட்டிக்கிட்டு கோயம்புத்தூர்ல நடந்த கார்ட் போட்டிக்குப் போயிட்டாரு. அங்க போய்ப் பார்த்தா, அட கடவுளே, பூராவும் புள்ளைங்க! பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கு. அம்மாமாருங்க குடையைப் புடிச்சுக்கிட்டு இட்லி ஊட்டுறாங்க, அப்பாமாருங்க டயருக்குக் காத்து பார்க்குறாங்க. ஸ்பூன் புடிக்கத் தெரிஞ்ச அன்னைக்கே ஸ்டீயரிங்கும் புடிச்ச பசங்க. நடுவுல நான், முறுக்கு மீசையும், பெரியாளு சைஸ் கெடைக்காம கணுக்கால் தெரியுற ரேஸ் உடுப்புமா நிக்கிறேன். 

நான் ஓட்டுனது பெரிய பசங்க பிரிவு. அதுலயும் எனக்குத்தான் வயசு சாஸ்தி. சண்டைக்கோழி மாதிரி மோதிக்கிட்டு முன்னாடி போனவனுங்க ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுப் புல்லுல போய் விழ, நான் பாட்டுக்குச் சீரா வந்து மூணாவதா முடிச்சேன். பரிசு குடுக்குற எடத்துல ஏறி நிக்கப் போனேன். என் இடுப்பு உசரத்துக்கு ஒரு பொடியன், கையில அவன் சின்னப் பசங்க பிரிவுல ஜெயிச்ச கப்பு, என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டு, "அங்கிள், நீங்க எந்தப் பையனோட அப்பா?"ன்னு கேட்டான்.

சுங்குடிக் கார்

கார்ட்டுக்கு அப்பறம் ஒத்தை சீட்டு ரேஸ் வண்டி, அதுக்கப்பறம் கூரை வச்ச காரு. ஒவ்வொரு படிக்கும் யார்கிட்டயாச்சும் போய் நிக்கணும். சின்னாளபட்டியில சேலைக் கடை வச்சிருக்குற ராமலிங்கம் அண்ணன் ஒரு வருசம் எனக்குக் கை குடுக்க ஒத்துக்கிட்டாரு. ஒரே ஒரு நிபந்தனை, காருல கடை பேரு மட்டும் போட்டா பத்தாது, காரே சுங்குடிச் சேலை மாதிரி இருக்கணும். அரக்குச் செவப்புல வெள்ளைப் புள்ளி, ஓரத்துல பார்டரு. முந்தி மட்டுந்தான் வரையல. மத்த டிரைவருங்க, "என்ன பாண்டி, பின் குத்தியாச்சா?"ன்னு கேட்டுக் கேட்டு உயிரை வாங்குனாங்க. ஆனா கொடி காட்டுற பொண்ணுங்க வரிசையா வந்து கடை எங்க இருக்குன்னு விசாரிச்சாங்க, அதையும் சொல்லணும்ல.

அந்த வருசத்துலயே என் நல்ல ரேஸை அண்ணன் நேர்ல பார்க்க வந்தாரு. நான் ரெண்டாவதா வந்தேன். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஓடியாந்து நின்னா, மனுசன் மூஞ்சியில ஈயாடல. காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு, ஒரு புள்ளியை வெரலால தடவிப் பார்த்தாரு. அப்பறம் என் தோள்ல கையைப் போட்டு ஓரமாத் தள்ளிட்டுப் போயி, "அப்பு, இம்புட்டு வேகமாப் போனா டிசைன் எவன் கண்ணுக்குத் தெரியும்? எங்க ஆளுங்க உக்கார்ந்திருக்குற பக்கம் வரும்போதாச்சும் கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதா?"ன்னாரு.

அம்மாவோட கணக்கு

சீக்கிரம் முடியுற ரேஸ்ல எல்லாம் நான் எப்பவும் ரெண்டாவது, மூணாவதுதான். கொஞ்ச தூரத்துல உயிரைக் குடுத்து ஓட்டுறவனை என்னால முந்த முடியாது. அது எனக்கே தெரியும். அப்பத்தான் ஒரு இன்ஜினியர் சொன்னாரு, "உன் டயரைப் பார்த்தா ரேஸ் ஓட்டுன டயர் மாதிரியே இல்லப்பா, தேயவே இல்ல. நீ நீண்ட நேர ரேஸுக்குப் போ"ன்னு. ஒரே காரை மூணு பேரு மாத்தி மாத்தி மணிக்கணக்கா ஓட்டணும். பெட்ரோல் போட, டயர் மாத்த, ஆள் மாத்த மட்டும் உள்ள வந்து நிப்பாட்டலாம். வேகம் மட்டும் பத்தாது, காரும் முழுசா வந்து சேரணும். கேட்டதும் எனக்கு நெஞ்சு துள்ளுச்சு. ஆட்டு லோடேதான்!

வீட்டுல சொன்னேன். அப்பாவுக்கு அந்த வருசம் முட்டி வலி அதிகம், கிளட்ச்சு மிதிக்க முடியல. "இந்த ஒரு வருசம் பார்ப்போம். எந்த டீமும் கூப்பிடலைன்னா வந்து வண்டிச் சாவியைப் புடி"ன்னு முடிச்சுட்டாரு. அதுல கோவம் இல்ல, அதனாலயே எனக்கு வலிச்சது. அம்மா மட்டும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே ரொம்ப நேரமா என்னமோ யோசிச்சாங்க. "ஆறு மணி நேரமா ஓட்டுவீங்க?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். "சுத்திச் சுத்தி அதே எடத்துலயா?" ஆமாம்மா. கத்தியைக் கீழ வச்சுட்டு, "அம்புட்டு நேரத்துக்கு மெட்ராசுக்கே போயி உங்க சித்தியைப் பார்த்திருக்கலாமேடா!"ன்னாங்க.

ஒரு எடம், ரெண்டு பேரு

டேவிட் அண்ணன் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு. ஒரு டீமு வச்சிருக்காரு, அதுல பெரிய டிரைவரும் அவருதான், பாதி முதலாளியும் அவருதான். அடுத்த வருசம் மலேசியா, துபாய்னு வருசம் பூரா ஓடப் போறாங்க, கூட ஓட்ட உள்ளூர்ல இருந்து ஒரே ஒரு ஆள் வேணும். என்னையும் கோயம்புத்தூர் பிரணவையும் கூப்பிட்டு, "சென்னை டிராக்ல ஆறு மணி நேர ரேஸை நாம மூணு பேரும் ஓட்டுவோம். முடிஞ்சதும் ஒருத்தர் பேரைச் சொல்றேன்"ன்னுட்டாரு. பிரணவ் மில்லு வச்சிருக்குற வீட்டுப் பையன். என்னைய விடச் சின்னவன், வேகத்துல என்னையத் தூக்கிச் சாப்பிட்டிருவான். ஆனா குணம் தங்கம். என்னையப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பின்னாடி ஒரு "ங்க" போடாம விட மாட்டான்.

இந்த ரேஸ்ல ஒரு வழக்கம் உண்டு. கார்ல இருந்து எறங்குறவன் அப்படியே போயிரக் கூடாது. அடுத்து ஏறுறவனுக்குக் குனிஞ்சு பெல்ட்டுகளை மாட்டி, இறுக்கி, பேசுற ஒயரைச் சொருகி, கதவைச் சாத்திட்டுத்தான் நகரணும். ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் போட்டவனுக்குத் தன் மடியே கண்ணுக்குத் தெரியாது. ரேஸுக்கு மொத நாள் பூரா அவன் எனக்கும் நான் அவனுக்கும் மாட்டி மாட்டிப் பழகுனோம். நெனைச்சுப் பாருங்க, நீங்க போன இன்டர்வியூவுக்கே வந்த இன்னொருத்தனுக்கு, அவன் உள்ள போறதுக்கு முன்னாடி நீங்களே டை கட்டி விடுறதை! நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். பிரணவுக்குச் சிரிப்பு தாங்கல. "ஏனுங்க பாண்டி, தாலி கட்டுறவரு கூட இம்புட்டு நிதானமாக் கட்ட மாட்டாருங்க"ன்னான்.

பூட்டு விழுந்துச்சு, ஆனா

மொதல்ல டேவிட் அண்ணன் ஓட்டுனாரு, அப்பறம் நான், கடைசியா பிரணவ். நான் ஏறும்போது எங்க பிரிவுல நாலாவது எடம். நல்ல வெயிலு. எங்களை விட வேகமான பெரிய பிரிவு காருங்க பின்னாடி வந்து வெளக்கைப் போட்டு மெரட்டும், வழி விட்டேன். மத்தவங்க டயர் தேஞ்சு வழுக்கிக்கிட்டுத் திரிஞ்சப்ப, என் காரு சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஒவ்வொருத்தனாப் பின்னாடி போனாங்க. காதுல குரலு, "பாண்டி, நாமதான் இப்ப மொத எடம். உள்ள வா, ஆள் மாத்தணும்." அம்மா சத்தியமா, ஹெல்மெட்டுக்குள்ள நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

உள்ள வந்து நிப்பாட்டிக் குதிச்சேன். அவங்க ரெண்டு பேரை விட நான் குட்டை, எனக்குன்னு அளவெடுத்த மெத்தையைச் சீட்டுல வச்சு ஓட்டுவேன், எறங்கும்போது உருவிரணும். உருவுனேன், பிரணவ் உக்கார்ந்தான், பெல்ட்டுகளை மாட்டுனேன், டக்குன்னு பூட்டு விழுந்துச்சு. இழுத்துப் பார்த்தா எடப்பக்கத் தோள் பெல்ட்டு இறுக மாட்டேங்குது. மெத்தையை உருவுன வேகத்துல முறுக்கிக்கிட்டு சீட்டுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. "போதுங்க, விடுங்க!"ன்னு பிரணவ் கத்துறான். பெட்ரோல் நெரப்பியாச்சு. எங்க ஆளுங்க எல்லாம் கையை ஆட்டி விரட்டுறாங்க. பூட்டு விழுந்துச்சுல்ல, கதவைச் சாத்திட்டா யாரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கப் போறதில்ல. ஆனா எங்கயாச்சும் முட்டுனா அவன் தோளைப் புடிக்க ஒண்ணும் இருக்காது. மனசு வரல. பூட்டைத் திருகி மொத்தத்தையும் கழட்டிட்டேன்.

நான் பெல்ட்டை உருவி நேராக்கி மறுபடி மாட்டி முடிக்கிறதுக்குள்ள, எங்களுக்குப் பின்னாடி ரெண்டாவதா இருந்த பச்சைக் காரு டிராக்ல எங்களைத் தாண்டிப் போயிருச்சு. பிரணவ் பேய் மாதிரி தொரத்துனான். கடைசி ரவுண்டுல பம்பரோட பம்பரா வந்தும் ரெண்டாவதுதான். எறங்குனவன் ஹெல்மெட்டைக் கழட்டாமயே என் முன்னாடி வந்து நின்னான். அந்தக் கோவத்துலயும் மரியாதை மாறல. "ஏனுங்க, கையில இருந்த ரேஸை நிப்பாட்டி வச்சுட்டீங்களேங்க!"ன்னான்.

டேவிட் அண்ணன் சொன்னது

வீட்டுக்குப் போன் போட்டேன். "ரெண்டாவதுப்பா. என்னாலதான் போச்சு"ன்னேன். அப்பா "சரி வா. சாப்டியா?"ன்னாரு. இம்புட்டு வருசமும் வீணாப் போச்சுன்னு டயர் அடுக்குக்குப் பின்னாடி போய் உக்கார்ந்துட்டேன். 

டேவிட் அண்ணன் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விட்டாரு. மொதல்ல பிரணவைப் பார்த்து, "பாண்டி எடத்துல நீ இருந்து, உள்ள பாண்டி உக்கார்ந்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?"ன்னாரு. பிரணவ் நெனைச்சா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "கதவைச் சாத்தியிருப்பேனுங்கண்ணா"ன்னான். அந்த நேர்மைக்காகவே அவனை எனக்கு இன்னைக்கும் புடிக்கும். டேவிட் அண்ணன் அவன் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, என் பக்கம் திரும்பி, "வேகமா ஓட்டுறவன் எங்க தேடுனாலும் கெடைப்பான். அடுத்த வருசம் பூரா எனக்கு பெல்ட்டு மாட்டி விட நீ வா"ன்னாரு.

முந்திப் போறதுக்குன்னே இருக்குற ஒரு தொழிலைத் தேடிப் போயி, நின்னதுக்காக டிரைவர் வேலை வாங்குன ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.