சாந்தியின் மோதிரத்தில் இருப்பது என் வீட்டுக் கல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தகப்பன் விட்டுப்போனது ஓர் ஊதுகுழலும் ஒரு சாமணமும்தான். அவற்றை வைத்து வேலணையில் பட்டறை போட்டேன். ஓலைக் கொட்டிலைக் கல்வீடாக்கினேன். தங்கைமார் இருவருக்கும் தாலிக்கொடி என் கையாலேயே செய்தேன். எழுவைதீவிலிருந்து வள்ளம் பிடித்து என்னிடம் நகை செய்விக்க வந்தார்கள். மனைவி பூமணிக்கு ஒற்றைக்கல் வைர மூக்குத்தி போட்டேன். பதினைந்து சென்ட் கல். எங்கள் ஒழுங்கையில் வேறு எந்த வீட்டிலும் அப்படியொன்று இல்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர் ஒன்றியம் வெளியிட்ட சென்ற மலரில், கனடாவில் இருக்கும் சாந்தி தன் நிச்சய மோதிரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். வைரம் உடைந்த மோதிரத்தைத் தியாகு மாமா காப்பாற்றித் தந்தாராம். இரண்டு தரம் வாசித்தேன். முத்துவேலு என்ற என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

தியாகு பூமணியின் தம்பி. கொழும்பில் நகைக்கடையொன்றில் கல் பதித்தவன். 83 கலவரத்தில் உடுத்த சாரத்தோடு வந்து சேர்ந்தான். நான்தான் என் பட்டறையில் இடம் கொடுத்தேன். கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸ் ஒன்றை மட்டும் எப்படியோ காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தான். அந்த லென்ஸில்தான் என் வயிற்றெரிச்சல் தொடங்கியது. இரண்டு மாதம் போகவில்லை, வருகிறவர்கள் என் வாசலில் நின்று என்னிடமே, "தியாகு நிக்கிறாரோ அண்ணை?" என்று கேட்டார்கள். நான் கட்டிய பட்டறை, நான் மூட்டிய உலை. கேட்பது அவனை.

85இல் ஒரு திங்கட்கிழமை சாந்தியும் தாயும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சவூதியில் வேலை. நிச்சயத்துக்கு அவன் அனுப்பிய மோதிரத்தில், நாலு கம்பி நகங்கள் ஒற்றை வைரத்தைப் பிடித்திருந்தன. அடியில் தகடு இல்லை. பின்னாலும் வெளிச்சம் புகும். அதைப் போட்டபடியே சாந்தி கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறாள். இரும்பு வாளியில் அடிபட்டுக் கல்லின் ஓரம் தெறித்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின்ரை தாய் இவளை நயினாதீவு அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வாறா," என்றாள் தாய். "பின்னப்பட்ட வைரம் குடியைக் கெடுக்கும் எண்டு நம்புற மனிசி. கண்டால் இந்தக் கலியாணம் நடவாது அண்ணை."

சாந்தி மோதிரமில்லாத விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

தியாகு லென்ஸை இடுக்கிப் பார்த்தான். "கல்லைக் கொஞ்சம் திருப்பி, உடைஞ்ச இடத்தை நகத்துக்குக் கீழ விடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"அம்மனுக்குத் தெரியும்," என்றாள் தாய். "வேறை கல் போடுங்கோ."

கல் வாங்கக் கொழும்புக்குப் போனால் எப்போது திரும்பலாம் என்று ஒருவரும் சொல்ல முடியாத காலம் அது. தாய் தன் வைரத்தோட்டை அவிழ்த்து வைத்தாள். "இதிலை ஒண்டைக் கழட்டுங்கோ."

"அத்தான், அது தாள் வைச்சு மூடிப் பதிச்ச கல்," என்றான் தியாகு. "கழட்டினால் வெளிச்சம் செத்துப் போகும்."

"நீர் கொழும்பிலை பழகினனீர். நான் இந்தத் தோடுகளோடை வளந்தனான்," என்று சொல்லிக் கழற்றினேன்.

அவன் சொன்னதே நடந்தது. தோட்டில் மினுங்கியது முக்கால்வாசியும் பின்னாலிருந்த வெள்ளித் தாள். கல்லின் அடி தட்டை. மோதிரத்தில் வைத்துப் பார்த்தால் கஞ்சித் துளி போல இருந்தது. மூடிப் பதித்தே பழகிய எங்கள் ஆட்கள் செய்யும் பிழை அது. தியாகு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏதும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன்.

தேத்தண்ணியோடு வந்த பூமணி தட்டத்தை வைத்துவிட்டு மூக்குத்தியைக் கழற்றினாள். "இது அடி கூரான கல்தானே? நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள். போடுங்கோ. உடைஞ்சதை எனக்குத் தாங்கோ."

"பின்னப்பட்டதை நீ போடுறதோ பிள்ளை?" என்று தாய் பதறினாள்.

"எனக்குக் கலியாணம் முடிஞ்சு பதினெட்டு வருசம் அக்கா. வாறதெல்லாம் வந்திட்டுது," என்று பூமணி என்னைப் பார்த்தாள். சாந்தி அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள்.

மூன்று நாள் வேலை. நகங்களைத் திறந்து உடைந்த கல்லை எடுத்தேன். பூமணியின் கல் ஒரு மயிரிழை பெரிது. ஒவ்வொரு நகத்தின் உட்புறத்திலும் அதற்கேற்ற இருக்கையை உளியால் வெட்டினேன். இளையவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாலு இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் இடைவெளி விட்டால், நகத்தை மடிக்கும்போது கல் அந்த இடத்திலேயே தெறிக்கும். இருக்கைதான் வேலை. மடிப்பது மிச்சம்.

அந்த மிச்சம் வியாழக்கிழமைக்கு வந்தது. நகங்கள் வெள்ளைத் தங்கம். நம் தங்கம் போல மசியாது. அழுத்தியை நகத்தில் வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். என் கை நடுங்கியதாகத் தியாகு பிறகு யாருக்கோ சொன்னானாம். நடுங்கவில்லை. பெண்சாதியின் கல்லும் இன்னொருத்தியின் கலியாணமும் ஒரே நுனியில் நின்றன. இந்த வேலையில் பழகியவன் பக்கத்திலேயே இருந்தான். அவனிடம் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாந்தி வாசலுக்கு வந்தாள். அவள் கண்டது லென்ஸும் தியாகுவும். பத்து நிமிடத்தில் நாலு நகமும் மடிந்தன. நான் உலைக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வள்ளத்தில் மாமியார் சாந்தியின் கையை வெயிலில் பிடித்துப் பார்த்து, "நல்ல நீரோட்டமுள்ள கல்," என்றாளாம். கலியாணம் நடந்தது. மாமியார் இருக்கும்வரை விஷயத்தை ஒருவரும் வெளியில் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மாமியார் காலமானபின் சாந்தி தான் கண்டதை எழுதினாள். அவள் மேல் பிழையில்லை.

எனக்குப் பொறாமை என்பீர்கள். ஓம், பொறாமைதான். அன்று அந்தப் பத்து நிமிடத்தின் மேல் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்காக மூன்று நாள் இல்லாமல் போகாது. உடைந்த கல்லை ஓரம் தெரியாமல் மூக்குத்தியில் மூடிப் பதித்துப் பூமணிக்குக் கொடுத்தேன். இன்றும் போட்டிருக்கிறாள். சந்தேகமென்றால் வந்து பாருங்கள்.

நான் செய்யும் நகையின் உட்புறத்தில் என் முத்திரை இருக்கும். அந்த மோதிரத்தில் குத்தவில்லை. மற்றவன் செய்த நகையில் முத்திரை குத்தக் கூடாதென்பது தொழில் முறை. முறை பார்த்ததால் பெயர் போனது. நான் படித்த பாடம் இது: முத்திரை வைக்க முடியாத வேலையென்றால், செய்தது யாரென்று அன்றைக்கே சாட்சி வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே மலர்க் குழு இப்படித் திருத்திப் போட வேண்டும். கல் கொடுத்தது பூமணி. இருக்கை வெட்டிக் கல்லை இருத்தியது முத்துவேலு. நகம் மடித்தது தியாகு. வரிசை மாறக் கூடாது.